பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

என்னைக் கேட்காமல் என் சைக்கிளைப் பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என் அம்மா. காலை ஷிஃப்ட் முடிந்து, திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிறேன். தெருமுனை டீக்கடைக்கு எதிரில் அவருடைய மூன்று சக்கர வண்டி நிற்கிறது. உடைந்த பக்கெட், கட்டில் கால், மிக்ஸி மூடி, எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டுக் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்த ஒரு ஹேண்டில்பார். அந்த ஹேண்டில்பாரை எந்தக் குப்பையில் போட்டாலும் நான் அடையாளம் சொல்லிவிடுவேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த மனிதரிடம், இது என் சைக்கிள், இறக்குங்கள் என்றேன். வீட்டில் பெரியம்மாதான் கொடுத்தார்கள் என்றார். பெரியம்மாவுக்கு அதைக் கொடுக்க உரிமை இல்லை என்று நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டேன். அவர் அம்மாவுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காற்றில்லாத டயர்களோடு அதை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் அம்மா தயிர் டப்பாவைக் கழுவி அடுக்கி வைக்கிறவர். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை ஒன்றைக்கூட வெளியே போட விடமாட்டார். அப்படிப்பட்டவர் என் சைக்கிளை மட்டும் எடைக்குப் போட்டால் எனக்குக் கொதிக்காதா? வந்த கோபத்தில் வாசலிலேயே ஆரம்பித்தேன். ஒரு கரண்டிக்காக அரை நாள் வாதாடுகிற அம்மா அன்றைக்கு வாதாடவே இல்லை. ஓடாத வண்டி எதற்கு, மாடிப்படிக்கு அடியில் தேள் வருகிறது என்று மட்டும் சொன்னார். ஓட வைக்கிறேன் என்றேன். ஓடாது, உன் அப்பாவே பார்த்துவிட்டு விட்டதுதானே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா சண்டையை விட்டுக்கொடுத்தது அதிசயம் என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

அது இங்கிலாந்தில் செய்த ரேஸ் சைக்கிள். ஸ்டீல் ஃப்ரேம், ஆனால் ஒரு கையால் தூக்கிவிடலாம். கேரியர் கிடையாது, ஸ்டாண்ட் கிடையாது, செயினை மூடும் தகடு கிடையாது. ஆவடியில் அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. அப்பா அங்கே ஃபிட்டர். தொழிற்சாலைக் குடியிருப்பில் மற்ற அப்பாக்கள் பெண்களுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்த காலத்தில், என் அப்பா எனக்கு அந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. குடியிருப்பைச் சுற்றிப் போகும் நீண்ட ரோட்டில் நான் ஓட்ட, அவர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கைக்கடிகாரத்தோடு நின்று நேரம் பார்ப்பார். முந்தின நாளைவிட ஒரு விநாடி குறைந்தாலும் விரலை உயர்த்திக் காட்டுவார். குறையாவிட்டால் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு நடப்பார். அந்த விரலுக்காக நான் மூச்சு முட்ட மிதித்த நாட்கள் உண்டு.

பத்தொன்பது வயதில் மாவட்ட அளவில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் வந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்னீர்குப்பத்தில் கிளம்பி, நசரத்பேட்டை தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். முதல் மூன்று பேருக்கு மாநிலப் பயிற்சி முகாமில் இடம். பெயர் கொடுத்தாயிற்று. மூன்று பேரில் ஒருத்தியாக வருவேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கர்வம்தான். இப்போதும் சொல்கிறேன், வந்திருப்பேன்.

பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னால், காலையில் சைக்கிளை எடுத்து ஏறினேன். மிதிகட்டை நகரவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இரண்டு மிதிகட்டைத் தண்டுகளையும் சேர்த்து ஃப்ரேமுக்கு நடுவே ஓடும் அச்சு கல்லாக நின்றுவிட்டது. அப்பா வந்து குனிந்து பார்த்தார். அசைத்தார், தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். உள்ளே பேரிங் பால்ஸ் நொறுங்கி அச்சோடு இறுகிப் போய்விட்டது, இது வெளிநாட்டுச் சாமான், இங்கே கிடைக்காது, வலுவில் கழற்றினால் ஃப்ரேம் விரிசல் விடும் என்றார். இரும்பு விஷயத்தில் அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. குடியிருப்பிலேயே கிடையாது. நான் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார்.

பந்தயம் நான் இல்லாமல் நடந்தது. மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, இரண்டு குழந்தைகள், அதுகளுக்குப் படிப்பு, இப்படியே போய்விட்டது. அப்பா ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயிலில் வீடு கட்டியபோது சைக்கிளும் கூடவே வந்து மாடிப்படிக்கு அடியில் நின்றது. ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு அதை வெளியே எடுத்து, துடைத்து, ஒரு பூச்சுக் கரும்பச்சை எனாமல் அடிப்பார். குடியிருப்பில் கேட், கதவு, தொட்டி எல்லாவற்றுக்கும் அடித்த அதே பச்சை. பிறகு சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. ஓடாத வண்டிக்கு எதற்கு அப்பா இவ்வளவு என்று கேட்டால், வண்டி வண்டிதானே என்பார். நானும் என் புருஷனும் குழந்தைகளும் வரிசையாக நின்று அதற்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நாங்கள் அம்மாவோடு வந்து இருக்கிறோம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். எடை வண்டியிலிருந்து மீட்ட மறுநாளே அதைச் சரிசெய்ய ஆள் தேடிக் கிளம்பினேன். அம்பத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சைக்கிள் கடை ஒன்று. விலை கேட்டாலே தலை சுற்றும் வண்டிகள். அங்கே நின்றவர் என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, செமையா இருக்கு மேடம், ஹோட்டல் சுவரில் மாட்டவா என்று கேட்டார். ஓட்ட என்றேன். சார் ஓட்டுவாரா என்றார். நான்தான் ஓட்டப் போகிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாரே ஒரு பார்வை, இன்னும் எனக்கு ஆறவில்லை. அடுத்த கடையில் பையனுக்கா என்றார்கள். அதற்கடுத்த கடையில், இந்த வயசில் முட்டிக்கு நல்லது, ஆனால் வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிற மாதிரி மெஷின் இருக்கிறதே என்றார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு சைக்கிள் என்றால், ஒன்று அது வேறு யாருக்காகவோ இருக்க வேண்டும், இல்லை அது நகரக் கூடாது. என்ன ஊரோ, என்ன ஜனமோ.

கடைசியில் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடை. தகரக் கூரை, வாசலில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. நாற்பது வயது மெக்கானிக். அவர் யாருக்கு என்றும் கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. ஃப்ரேமைச் சுண்டிப் பார்த்து ஓசையைக் கேட்டார்.

"இன்னாக்கா, இத்தப் போயி பெயிண்ட்டப் பூசிப் பூசி பொணமாக்கி வெச்சிகிறீங்க. நல்ல வண்டிக்கா இது. உசுரு கீது."

அந்த ஒரு பேச்சுக்காகவே வண்டியை அங்கே விட்டேன். சனிக்கிழமைகளில் ஷிஃப்ட் முடிந்ததும் போய்விடுவேன். சக்கரம் இரண்டையும் பிரித்து, துருப்பிடித்த ஸ்போக்ஸ் கம்பிகளை மாற்றி, ரிம்முக்குப் பெண்டு எடுத்தார். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை டீசலில் ஊறப் போட்டார். பிரேக் கட்டைகள் ரப்பரா கல்லா என்று தெரியாத அளவுக்கு இறுகியிருந்தன, அவற்றைத் தூக்கிப் போட்டோம். அந்த அளவில் ஒல்லி டயர் இந்தப் பக்கம் எங்கும் கிடையாது. பாரிமுனையில் யாரையோ பிடித்து இரண்டு வரவழைத்தார். எல்லாம் நடந்தது. நடு அச்சு மட்டும் நகரவில்லை.

மிதிகட்டைத் தண்டுகளைப் பிடித்திருக்கும் காட்டர் பின்களைத் தட்டி எடுத்துத் தண்டுகளைக் கழற்றினார். அச்சில் மண்ணெண்ணெய் விட்டார், மறுவாரம் டீசல் விட்டார், சூடு காட்டினார். ம்ஹூம். முப்பத்துமூன்று வருடத் துரு என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"துரு புடிச்சா கொஞ்சம்னா நறநறன்னு அசையும்க்கா. இது அசையவே இல்ல. அச்ச மூடிகினு கீற கப்பு மேலல்லாம் பெயிண்ட் ஏறிகீது, கயட்ட முடியல. ஃப்ரேம ஊட்டுக்கு எடுத்துனு போயி பெயிண்ட்ட புல்லா சொரண்டிகினு வா. அப்பால பாக்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஃப்ரேமைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பெயிண்டை இளக்கும் மருந்தைத் தடவி, காத்திருந்து, தகட்டால் சுரண்ட வேண்டும். பச்சைக்கு அடியில் பச்சை, அதற்கடியில் இன்னொரு பச்சை. இருபத்தொன்பது ஆயுத பூஜை. எல்லாம் வந்த பிறகு நாவல்பழ நிறம் தெரிந்தது. என் சைக்கிளின் நிறம் அது. மறந்தே போயிருந்தேன், பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இன்னும் வேகமாகச் சுரண்டினேன்.

நடு அச்சு ஓடும் குழாயின் அடிப்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் தெரிந்தது. குழாயோடு சமமாக அரம் போட்டு இழைத்திருந்தது. நகத்தால் தடவினால்கூட விளிம்பு தட்டவில்லை. வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. பிசாசு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த பச்சையைக் கோட்டிலிருந்து ஊசியால் எடுத்தேன். அது தலையில்லாத ஒரு திருகாணி. பக்கத்திலேயே சின்னதாக நான்கு எண்கள் பஞ்ச் செய்திருந்தன. கடைசி எண் நாலு. அந்த நாலுக்குக் கால் உடைந்திருந்தது.

இந்த நான்கு எண்களைப் பார்த்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டு தோசைக்கரண்டியில் அது இருக்கிறது. தேங்காய்த் துருவியில் இருக்கிறது. கேட் தாழ்ப்பாளில் இருக்கிறது. அப்பாவின் டோக்கன் எண். அவர் பிரிவில் ஒரு வேலையை முடித்தால், செய்தவர் தன் எண்ணைக் குத்தித்தான் அனுப்ப வேண்டும், தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் என்பார். முப்பது வருடப் பழக்கம். வீட்டில் ஒரு கொக்கி செய்தாலும் கை தானாகப் பஞ்ச்சை எடுத்துவிடும். அவருடைய செட்டில் நாலாம் எண் பஞ்ச் உடைந்துபோயிருந்தது. புதிது வாங்க மாட்டார்.

வேலை முடிந்தது, எண்ணைக் குத்திவிட்டார். திருட்டு வேலையிலும் தன் எண்ணைப் போட்ட மனிதர் இந்த உலகத்தில் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

கீழே போய் அவருடைய பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன். அதிலும் அதே எண். திருகாணியில் வைத்து ஒரு திருப்பு திருப்பினேன். முப்பத்துமூன்று வருடம் கழித்து அது முரண்டு பிடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிடிக்கவில்லை. கிரீஸ் தடவிப் போட்டிருந்தார். மஞ்சள் கிரீஸ் காயாமல் மரையில் அப்படியே இருந்தது. திருகாணி ஒரு விரல்கணு நீளம் இருக்கும். நுனி அச்சில் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு அச்சின் முனையை இரண்டு விரலால் சுற்றினேன். சுற்றியது. ஒரு நெருடல் இல்லாமல், ஒரு ஓசை இல்லாமல் சுற்றியது. உள்ளே ஒரு பால்ஸ்கூட நொறுங்கவில்லை.

வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் அன்றைக்குக் குனிந்து, தட்டி, காதை வைத்துக் கேட்டது ஞாபகம் வந்தது. தானே பூட்டிய பூட்டுக்கு நாடி பார்த்திருக்கிறார். பிறகு என் தலையைத் தடவினாரே.

மறுநாள் திருகாணியை வேலைக்கு எடுத்துப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றில் மரை தங்குதடையில்லாமல் ஏற வேண்டும், இன்னொன்றில் ஏறவே கூடாது. தினமும் நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்க்கிறவள் நான். முதல் வளையத்தில் அப்பாவின் திருகாணி கடைசிவரை ஏறியது. இரண்டாவதில் முகப்பிலேயே நின்றுவிட்டது. அப்பா எனக்குச் செய்த துரோகம் பரிசோதனையில் பாஸ். அதில் ஒரு பிசிறாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திருகாணியைக் கொண்டுபோய்க் கீரை முறத்தில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

எழுபத்துநாலு வயதுக்காரியிடம் குரலை உயர்த்தக் கூடாது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. கத்தினேன். எதற்காகச் செய்தார், யாரைக் கேட்டுச் செய்தார், உனக்கு எப்போது தெரியும் என்று கத்தினேன். அம்மா கீரையை விடாமல் உருவிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த வாரம்தான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து முதல் பேச்சு வந்திருந்தது. பெண் அரை டிராயர் போட்டுக்கொண்டு ஹைவேயில் சைக்கிள் ஓட்டுகிறாளாமே என்று யாராவது போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று அப்பாவுக்குப் பயம். ஜெயித்தால் முகாம், முகாமுக்குப் போனால் எங்கே போய் நிற்குமோ என்று அதற்கு மேல் பயம்.

"ஒரு வாரந்தான்னு சொன்னார். பந்தயம் முடிஞ்சதும் கழட்டிடறேன்னார்."

"ஏன் கழட்டல?"

"நீ அதுகிட்டயே உக்காந்து அழுதுட்டு இருந்தியே. கழட்டினா உனக்குத் தெரிஞ்சிடும்ல. அப்புறம் கல்யாணம் வந்துடுச்சு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டுத்தான் போவார். போயி ரொம்ப நேரம் நிப்பார். கடைசில பெயிண்ட அடிச்சிட்டு வந்துடுவார்."

அப்பா போன பிறகு யார் கண்ணிலும் படாமல் அது தொலையட்டும் என்றுதான் அம்மா எடைக்குப் போட்டாராம். பாவம் என்று நினைக்க முயன்றேன், முடியவில்லை. அப்பாவுடைய வெட்கத்தை மறைக்க இருபத்தொன்பது பூச்சுப் பெயிண்ட். அதற்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டியது நான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வீட்டில் இருக்க முடியாமல் தெருவில் இறங்கி நடந்தேன்.

என் புருஷனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அந்த மாப்பிள்ளை வீடு என்பதே அவர் வீடுதானே. ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொல்லி, உங்கள் வீட்டில் அப்படி நினைத்திருப்பார்களா என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். யோசித்துவிட்டு, அட, மெடல் வாங்கியிருந்தால் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே போட்டிருப்போமே, எங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்லியிருப்பாளே என்றார். நல்ல மனுஷன், வேறு என்ன சொல்ல. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது. பயப்பட ஒரு காரணமாவது இருந்திருக்கக் கூடாதா? இல்லாத ஒரு பேச்சுக்குப் பயந்து என் காலைக் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு எது பொறுக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பந்தயம் போனதுகூட இல்லை. போகாதே என்று அவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சாப்பிடாமல் கிடந்திருப்பேன், கத்தியிருப்பேன், ஜெயித்தோ தோற்றோ இருப்பேன். அந்தச் சண்டையையே அவர் எனக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக என் அதிர்ஷ்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார். முப்பத்துமூன்று வருடம் என் அதிர்ஷ்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஃப்ரேமைத் திரும்ப மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஓட்டையைப் பார்த்தார், அச்சைச் சுற்றிப் பார்த்தார், திருகாணியைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"கைகாரன்க்கா இத்த செஞ்சவன். வண்டிக்கு ஒரு கீறல் வராம பூட்டிகிறான்."

எங்கள் அப்பா என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அச்சைக் கழற்றித் துடைத்து, புது கிரீஸ் வைத்துப் பூட்டினார். ஓட்டையைப் பித்தளை ஊற்றி அடைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மழையில் உள்ளே இறங்குகிற தண்ணீர் வடிய அது நல்லதுதான் என்றார். எண்களையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன பெயிண்ட் என்று கேட்டபோது, பச்சையைத் தவிர எது வேண்டுமானாலும் என்றேன். நாவல்பழ நிறத்தையே கலக்கிக் கொண்டுவந்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வண்டி தயாரானது. அம்மாவும் நானும் அதுவரை அளந்துதான் பேசிக்கொண்டிருந்தோம். பூஜையன்று காலையில் அம்மா கூடத்தில் கோலம் போட்டு, அப்பா படத்துக்கு மாலை போட்டு, அரிவாள்மனை, கத்தரிக்கோல், என்னுடைய அளவுகோல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். வாசலில் என் புருஷனின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் சைக்கிளையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிறகு ஒரு வெற்றிலையில் திருகாணியை வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்து, அப்பா படத்துக்கு நேர் எதிரில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா பார்த்தார். கற்பூரத்தை ஏற்றினார்.

கற்பூரம் அணைந்ததும் நான் புடவையை மாற்றிக்கொண்டு, சுரிதாரில் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். அம்மா பின்னாலேயே வந்துவிட்டார்.

"பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுடி. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"முப்பத்திமூணு வருஷம் பூஜையில வச்சாச்சும்மா."

அம்மா போய் கேட் தாழ்ப்பாளை அவரே நீக்கினார். ஓரமாகப் போ, லாரி வரும் என்றார்.

ஆவடியைத் தாண்டி பூந்தமல்லி ரோட்டைப் பிடித்தேன். முதல் இரண்டு கிலோமீட்டரில் தொடை கெஞ்சியது, கழுத்து வலித்தது, குனிந்து ஓட்டும் அந்த ஹேண்டில்பாரில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ரோடு முழுக்க உடைத்துப் போட்ட பூசணிக்காய். ஒல்லி டயருக்கு அது எமன். வளைத்து வளைத்து ஓட்டினேன். முகப்பில் வாழைக்கன்று கட்டிய லாரிகள் ஒதுக்குப்புறமாக நின்றிருந்தன, எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஓய்வு. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஏறியபோது ஒரு காலை ஊன்றி நின்றேன். மணி பார்த்துக்கொண்டேன். பிறகு மிதித்தேன். நசரத்பேட்டை தாண்டித் திரும்புகிற இடம் இப்போது அடையாளமே தெரியாமல் மாறிக் கிடக்கிறது. உத்தேசமாக ஓர் இடத்தில் திரும்பினேன். சென்னீர்குப்பத்துக்கு வந்து மறுபடி மணி பார்த்தேன். அந்த நேரத்தை இங்கே எழுதப் போவதில்லை. பத்தொன்பது வயதுக்காரி சிரிப்பாள். ஆனால் முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, வியர்வையோடு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். திருகாணி வெற்றிலையில் அப்படியே இருந்தது. அம்மா சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினேன். அன்றைக்குக் கிடைக்காத சண்டையை முழுசாகப் போட்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். என் தலையைத் தடவியதைக் கேட்டேன், கற்பூரம் காட்ட வைத்ததைக் கேட்டேன். சமையலறையில் எண்ணெய்ச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா வெளியே வரவில்லை.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

கேட்டுவிட்டு நானே நின்றுவிட்டேன். என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்தியிருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மூன்று வருடம் நின்று என்னைப் பார்த்த மனிதருக்கும் அது தெரியும். அதனால்தான் வாயைத் திறக்காமல் திருகாணியைத் தேடியிருக்கிறார்.